பதினான்காம் எண்

படிவத்தில் ஒன்பது உறவுகள் இருந்தன.
கணவன், பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தார்,
மாமனார் மாமியார்கூட.
இரண்டு நாள் விடுப்பு.
வெளியூர் போகவேண்டுமென்றால் நான்கு.
பேனாவை வைத்துக்கொண்டு
மேலிருந்து கீழே இரண்டு தரம் தேடினேன்.
பக்கத்தில் நின்றவள் என்று
ஒரு கட்டம் இல்லை.

பத்தொன்பது வருடம்.
விகோ துறைமுகத்துக்குப் பின்னால்
மத்தி அடைக்கும் ஆலையில், மூன்றாவது மேசையில்
டொரிண்டாவுக்கும் எனக்கும் நடுவே ஒரு முழம்.
இயந்திர இரைச்சலுக்குக் காதை அடைத்துக்கொண்டே
எல்லாம் பேசியிருக்கிறோம்,
மகளின் வீட்டுக் கடன், என் கருப்பைக் கட்டி,
ஃபிர்மினோவின் பொய்முடி.
உதடுதான் எங்களுக்குப் பேச்சு.
சாவு வீட்டில் அவள் மகள்
கைபேசியில் பழைய பதிவு ஒன்றைப் போட்டாள்.
"முட்டை வாங்கி வா, மறந்துடாதே."
யார் இது என்று கேட்டுவிட்டேன்.

அடக்கத்துக்கு மதிய இடைவேளையில் போனோம்,
பதினோரு பெண்கள்,
மழைக்கோட்டுக்குள் ஏப்ரன்.
எலுமிச்சை போட்டுத் தேய்த்தும் போகாத கவிச்சி
கோயிலுக்குள் சாம்பிராணியோடு மல்லுக்கு நின்றது.
முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.
ஒன்றரைக்குச் சங்கு.
மாடக்குழியின் வாயில்
கொத்தனார் மூன்றாவது செங்கல்லை வைத்தபோது
ஓடி வந்துவிட்டோம்.
மிச்சத்தை அவர் அடைத்திருப்பார்.

அன்றைக்கு நல்ல பாடு. நான்கு படகு.

அழுவதற்குக் குளிரறை வசதி.
வெளியே வந்து
மூக்குச் சிவப்புக்கு அதைக் காரணம் சொல்லலாம்.
எல்லோரும் அங்கேதான் போகிறார்கள் என்பது
அந்த வாரம்தான் தெரிந்தது.
இப்போது கதவைத் தட்டிவிட்டு நுழைகிறோம்.

வெள்ளிக்கிழமை புதுப்பெண் வந்தாள்,
ஈரியா, இருபது வயது.
வந்து என் ஒரு முழத்துக்குள் நின்றாள்.
ஒவ்வொரு டப்பாவின் அடியிலும்
அடுக்கியவரின் எண் விழும்.
டொரிண்டாவுடையது பதினான்கு.
கூப்பிடாமல் மாடி ஏறியது அன்றுதான் முதல் தடவை.
அந்த எண்ணை மட்டும் அவளுக்குக் கொடுக்காதீர்கள்.
"இயந்திரத்தில் முப்பது எண்தான்" என்றார் ஃபிர்மினோ.
"காலியாய் இருப்பது அது ஒன்றுதான்."
பார்க்கலாம் என்றுகூடச் சொல்லவில்லை.
திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை ஈரியாவின் மார்பில் முப்பத்தொன்று.
அவள் தட்டு போகும்போதெல்லாம்
சிவப்பு விளக்கு எரிகிறது:
அப்படி ஓர் எண் இல்லை.
ஃபிர்மினோ படியிறங்கி வந்து
சரி என்ற பொத்தானை அழுத்திவிட்டுப் போகிறார்.
முட்டிவலிக்காரர்.
ஒரு நாளைக்கு எத்தனை தரம் என்று
எண்ணத் தொடங்கி, எழுபதில் விட்டுவிட்டேன்.
அவர் என் பக்கம் பார்ப்பதில்லை.
நானும் நன்றி சொல்லவில்லை.
சொன்னால் அது ஒரு விதிமீறல் ஆகிவிடும்.

ஈரியாவின்மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.
மீனை அவள் பிடிக்கும் விதம் அப்படி.
நேற்று என் காதருகே வந்து கத்தினாள்.
என் வாயைத் தொட்டுக் காட்டினேன். மெதுவாக.
அவள் உதடு ஒவ்வொரு எழுத்தாகத் திறந்தது:
கழிப்பறை எங்கே?
கையைக் காட்டினேன்.

வீட்டில் ஒரு டப்பா இருந்தது, பதினான்கு போட்டது.
கெட்டுப்போக இன்னும் நான்கு வருடம்.
வைத்திருப்பதாகத்தான் எண்ணம்.
செவ்வாய் இரவு கடை மூடிவிட்டார்கள்,
பசித்தது,
திறந்தேன்.
தலைமாடு கால்மாடாய் ஏழு மத்தி.
கடைசியது மட்டும் வயிறு மேலே தெரிய.
அதற்காக அவள் வாங்காத திட்டில்லை.
"ஒருத்தியாவது கூரையைப் பார்த்துக் கிடக்கட்டுமே"
என்பாள், சத்தமில்லாமல்.

ஏழையும் தின்றேன்.
எண்ணெயை ரொட்டியால் வழித்தேன்.
உப்பு கொஞ்சம் குறைவு.